36 வயசு அண்ணன் நிலையத்துக்குப் போய் என்ன செய்வார்?

2025 பெப்ரவரி 11 (கேட்டவர்: கொட்டகலைப் பக்கத்து வாசகி)

எங்க அண்ணனுக்கு 36 வயசு. பிறவியிலேயே புத்தி வளர்ச்சி குறைவுன்னு சொன்னாங்க, வலது கையும் காலும் இழுத்த மாதிரி இருக்கும். அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறாங்க. நான் டவுன்ல துணிக்கடையில வேலை. பகல் முழுக்க அண்ணன் தோட்டத்து லயத்து வீட்டுல தனியா. ஹட்டன் பக்கம் இயலாமை உள்ள பெரியவங்களுக்குன்னு ஒரு பகல் நிலையம் இருக்காம். அங்க போய் என்ன செய்வார்? பாட்டுப் பாடி, கைதட்ட வச்சு அனுப்புற இடம்னா வீட்டுலயே இருக்கட்டும். அங்க பதிஞ்சா அரசாங்கம் தர்ற இயலாமை உதவிப்பணத்தை வெட்டிருவாங்கன்னும் பேசிக்கிறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

2025 பெப்ரவரி 11, இரவு

தங்கச்சி, நீங்க கேட்ட நிலையத்துல இருந்துதான் எழுதுறேன். முதல்ல காசு விஷயம். அந்தப் பேச்சுதான் நிறைய ஆளை வீட்டுக்குள்ளேயே வச்சிருக்கு. பகல் நிலையத்துக்கு வர்றது உத்தியோகம் இல்ல. எங்க நிலையத்துக்கு வர்ற யாருக்கும் வந்த காரணத்தால உதவிப்பணம் நின்னதில்ல. இந்த 2025 பெப்ரவரியில மாசம் 7,500 ரூபா. அண்ணன் பேர்ல அது வருதா, இல்ல இன்னும் பதியவே இல்லையான்னு நீங்க எழுதல. அடையாள அட்டை இருக்கான்னு பாருங்க. நாப்பது வயசு தாண்டியும் அட்டை இல்லாம எங்ககிட்ட வந்தவங்க இருக்காங்க. தேயிலைத் தோட்டத்துல பிறந்து, பிறப்பைப் பதியாம, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பாம விட்ட பிள்ளைங்க. அப்படின்னா உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கணும். அதை வச்சு அடையாள அட்டை, அட்டையை வச்சு வங்கிக் கணக்கு. கிராம உத்தியோகத்தர்கிட்ட தொடங்கி, பிரதேச செயலகத்துல சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்க. அலைச்சல்தான். ஆனா முடியும், முடிச்சிருக்கோம்.

அண்ணன் என்ன செய்வார்னா, முதல்ல கொஞ்ச நாள் ஒண்ணுமே செய்ய மாட்டார். வாசல் பக்கத்து வாங்குல உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பார். விட்டுருவோம். யாரும் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் பந்து விளையாட வைக்க மாட்டோம். பிறகு ஒரு நாள் பத்து மணித் தேத்தண்ணிக்குக் கோப்பை பத்தாம யாராவது கத்துவாங்க. அப்ப எழுந்து ஒரு கோப்பையை எடுத்துக் குடுப்பார். அங்கேருந்துதான் அவர் எங்க ஆள்.

2025 பெப்ரவரி 12

ஒண்ணு கேட்க விட்டுப்போச்சு. உங்க லயத்துக்கும் ரோட்டுக்கும் நடுவுல எத்தனை படி? கல்லுப்படியா, சீமெந்துப்படியா? மழையில இறங்குவாரா? இது சின்னக் கேள்வி இல்ல. எங்க நிலையத்துக்கு வர முடியாதவங்கள்ல பாதிப்பேரைத் தடுக்கிறது அந்தப் படிதான்.

2025 பெப்ரவரி 18

கீழே ஒருத்தர் "எல்லாருக்கும் பத்தாயிரம் ஆயிருச்சு, இந்த மாசமே போய் எடுங்க"ன்னு எழுதியிருக்கார். அப்படி இல்லைங்க. நேத்து வாசிச்ச வரவு செலவுத் திட்டத்துல 7,500 ஐ 10,000 ஆக்கப் போறதாச் சொல்லியிருக்காங்க. ஏப்ரல்ல இருந்துதான். இந்த மாசம் வங்கி வாசல்ல போய் நின்னு ஏமாறாதீங்க. ஆட்டோவுக்குக் குடுத்த காசு திரும்பி வராது.

2025 பெப்ரவரி 20

படியைப் பத்திக் கேட்டதுக்கு நிறையப் பேர் எழுதியிருக்கீங்க. ஒருத்தர் வீட்டுல இருந்து ரோட்டுக்கு மூணு வளைவு, கைப்பிடிக் கம்பியே இல்ல. இன்னொருத்தர் அப்பாவை முதுகுல தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரிக்குக் காட்டுறார். அதனால எங்க இடத்துல செஞ்சதைக் கொஞ்சம் விவரமாச் சொல்றேன்.

எங்க கட்டடம் முந்தி பிள்ளைக்காம்பரா, வேலைக்குப் போற தாய்மார் பிள்ளைங்களை விட்டுட்டுப் போற இடம். ரோட்டை விட அஞ்சடி உசரத்துல இருக்கு. சக்கர நாற்காலி ஏறணும்னா ஒரு அடி உசரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேணும். அப்ப அஞ்சடிக்கு அறுபது அடி. முன்னால அவ்வளவு இடம் எங்க இருக்கு? பாதியில ஒரு திருப்பம் வச்சு, திருப்பத்துல சமதளம் விட்டு, இரட்டையா மடிச்சுக் கட்டினோம். கட்டின மேசன் மேற்பரப்பைக் கண்ணாடி மாதிரி பூசிட்டுப் போக இருந்தார். எங்க உறுப்பினர் ஒருத்தர், சின்ன வயசுலயே போலியோவால கால் போனவர், ஊன்றுகோலைத் தட்டி நிறுத்தினார். "அண்ணே, ஜூன் மழையில பாசி பிடிச்சா நான் நேரா ரோட்டுல போய்தான் நிப்பேன்." ஈரம் காயுமுன்னே தென்னந்துடைப்பத்தால குறுக்கா கீறி விட்டோம். இன்னைக்கு வரைக்கும் யாரும் வழுக்கி விழல.

சட்டம் இல்லாம இல்ல. பொதுக் கட்டடங்கள்ல எல்லாரும் ஏறி இறங்க வசதி வேணும்னு 2006 இல் ஒழுங்குவிதி வந்துச்சு, 2011 இல் உயர் நீதிமன்றமும் கட்டளை போட்டுச்சு. கடுதாசியில அது சரியா இருக்கு. ஆனா அந்த விதி கொழும்புக் கட்டடத்தை மனசுல வச்சு எழுதினது. லயம் இருக்கிற சரிவு எந்த விதியிலயும் இல்ல.

அந்தப் போலியோ அண்ணனைப் பத்திச் சொல்லியே ஆகணும். உயர்தரம் படிச்சவர். அரசாங்க வேலையில நூத்துக்கு மூணு வீதம் இயலாமை உள்ளவங்களுக்குன்னு 1988 இலேயே சுற்றறிக்கை இருக்கு. அதை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டே விண்ணப்பம் போட்டார். ஒரு அலுவலகத்துல நேர்முகப் பரீட்சை மூணாவது மாடியில, லிஃப்ட் கிடையாது. ஏறிப் போனார். ஏறி வந்ததைப் பாராட்டிட்டு அனுப்பிட்டாங்க. இப்ப எங்க கணக்கெல்லாம் அவர் கையில. அவருக்கு அந்த வேலை கிடைச்சிருக்கணும். எங்களுக்கு அவர் கிடைச்சதை வச்சு நான் ஆறுதல்பட மாட்டேன்.

2025 பெப்ரவரி 21

"வேலைன்னா என்ன வேலை?"ன்னு தங்கச்சி மறுபடியும் கேட்டிருக்கீங்க. காலையில மணி அடிக்கிற வேலைக்கு எங்க இடத்துல பெரிய போட்டி, போன வாரம் அதுக்குச் சண்டையே வந்துச்சு. பின்னால தோட்டம்: லீக்ஸ், பீட்ரூட், கோவா. மழைக்காலத்துல கடித உறை ஒட்டுறது, மசாலாத் தூள் பொட்டலம் கட்டுறது. சமையல் முறை போட்டு நடக்குது.

காசுப் பெட்டி ஒரு அக்காகிட்ட. அவங்களுக்குக் கண் பார்வை இல்ல. 2011 இல் வந்த நோட்டுங்க 20, 50, 100, 500, 1000, 5000ன்னு ஒவ்வொண்ணும் முந்தினதை விட 5 மில்லிமீற்றர் நீளம். தடவிப் பார்க்கப் புடைச்ச புள்ளியும் உண்டு. நோட்டு நைஞ்சா புள்ளி அமுங்கிரும், நீளம் மாறாது. அக்கா ஆட்காட்டி விரல்ல நோட்டைச் சுத்திப் பார்த்துச் சொல்லிருவாங்க. மரக்கறி வாங்க வந்த ஒருத்தர் 500ன்னு சொல்லி 100 ஐ நீட்டினார். "தம்பி, இது வளர இன்னும் ஒரு நோட்டுத் தூரம் இருக்கு"ன்னாங்க. அன்னைக்கு முழுக்க அதையே சொல்லிச் சிரிச்சோம்.

விலையில ஒரு பிடிவாதம் வச்சிருக்கோம். டவுன்ல லீக்ஸ் என்ன விலையோ அதே விலை. கூடக் குடுத்து "மிச்சத்தை வச்சுக்கங்க"ன்னு போறவங்களைத் திரும்பக் கூப்பிட்டு மிச்சம் குடுத்துருவோம். சிலருக்குக் கோவம் வரும், பரவாயில்ல. லீக்ஸ் நல்லா இருந்தா நாளைக்கும் வாங்க, அவ்வளவுதான்.

2025 மார்ச் 3

நேத்து தோட்டத்துக் கீழ் டிவிஷன்ல காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றினாங்க. மாசி அமாவாசை கழிஞ்சு மூணாம் பிறையில ஊன்றினா, அங்கேருந்து ராத்திரி ராத்திரி தப்பு மேளச் சத்தம். எங்க நிலையத்து அண்ணன் ஒருத்தர், 40 வயசு இருக்கும், சரியாப் பேச வராது, எண்ண வராது. ஆனா தப்பு எடுத்தா, வேலைக்கு ஆள் கூப்பிடுற பெரட்டுத் தப்பு வேற, சாவுத் தப்பு வேற, காமன் அடி வேற. ஒண்ணோட ஒண்ணு கலக்காது. இந்த வருஷம் ஆட்டத்துக்கு அடிக்க வரணும்னு கையைக் காட்டிக் கேட்டார். கூத்துக் கமிட்டியில "அந்தப் பிள்ளை ராத்திரி முழிச்சிருக்காதே, பனியில காய்ச்சல் வந்தா யாரு பொறுப்பு?"ன்னு கேட்டாங்க. 40 வயசு ஆளைப் பிள்ளைன்னாங்க. அன்போடதான் சொன்னாங்க, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா அந்த அன்பு அவரை முப்பது வருஷமா வீட்டு வாசல் இஸ்தோப்புலயே உட்கார வச்சிருக்கு.

2025 மார்ச் 15

காமன் எரிஞ்சு முடிஞ்சுது. அண்ணன் அடிச்சார். முதல் ராத்திரி ஓரமா நின்னு அடிச்சவரைக் கடைசி ராத்திரி கூத்து வாத்தியார் தன் பக்கத்துக்குக் கூப்பிட்டு நிறுத்திக்கிட்டார். கூத்துல வீரபத்திரன் வர்ற நேரம் அடி வேகம் பிடிக்கணும். மத்த ரெண்டு பேர் களைச்சுப்போக, இவர் விடல. விடிய அவங்க அம்மா தேத்தண்ணி கொண்டு வந்து குடுத்துட்டு, "இவனுக்கு இவ்வளவு நேரம் நிக்க முடியும்னு எனக்குத் தெரியாது"ன்னு சொன்னாங்க. பெத்த தாய்க்கே தெரியலன்னா, தெரிஞ்சுக்க இடமே குடுக்கலன்னுதான் அர்த்தம். நான் அந்த அம்மாவைக் குறை சொல்லல. மலைக்குப் போயிட்டு அந்தியில வர்றவங்களுக்கு மகன் சாப்பிட்டானா, கீழே விழாம இருந்தானான்னு பார்க்கத்தான் நேரம்.

காய்ச்சல் வரல. கேட்டவங்களுக்காகச் சொல்றேன்.

2025 மார்ச் 30

"சிங்கள ஆட்களும் வர்றாங்களா?"ன்னு ஒருத்தர். வர்றாங்க, டவுன்ல இருந்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையும் வருது. எங்க இடத்துல ரெண்டு பேருக்குக் காது கேட்காது. ஒருத்தி தோட்டத்துப் பொண்ணு. சின்னதுலேயே யாழ்ப்பாணத்துக் கைதடிக்கு அனுப்பினாங்க, 1956 இல் தொடங்கின நஃபீல்ட் பாடசாலை. அங்க சைகை மொழி படிச்சா, எழுத வாசிக்கப் படிச்சா. ஊருக்குத் திரும்பி வந்தா வீட்டுல யாருக்கும் அந்தச் சைகை தெரியாது. மறுபடியும் "சாப்பாடு, தண்ணி, வா, போ" அளவுக்கு வந்துட்டா. இன்னொருத்தர் சிங்கள அண்ணன், அவருக்குப் பள்ளிக்கூடமே கிடையாது, கையால தானா உண்டாக்கின சைகைதான். ரெண்டு பேரும் இப்ப பேசுற வேகத்துக்கு எங்களால கண்ணை நகர்த்த முடியல. அந்தப் பொண்ணு எங்களுக்கு வெள்ளிக்கிழமை வகுப்பு எடுக்குறா. கையைச் சோம்பேறித்தனமா வச்சா மேசையில தட்டுவா. கண்டிப்பான டீச்சர்.

2025 ஏப்ரல் 12

கூடின தொகை இந்த மாசத்துல இருந்துதான்னு உறுதி. பத்தாயிரம். இதோட ஒரு கனமான விஷயமும் வருது: வங்கிப் புத்தகம் யார் கையில?

முந்தி எனக்கு இதுல ஒரே பதில்தான். அவங்க காசு, அவங்க கையில இருக்கணும். இப்பவும் அதுதான் என் பேச்சு. ஆனா கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு தாய் மகனைப் பார்த்துக்க வீட்டுல நின்னா அன்னைக்கு ஒரு பேர் போச்சு, அதாவது ஒரு நாள் சம்பளம், இந்த 2025 ஏப்ரல் கணக்குல 1,350 ரூபா போச்சு. மாசத்துல எட்டு நாள் நின்னாலே உதவிப்பணத்தை விடக் கூடப் போயிருது. அந்த அம்மா மகனோட பத்தாயிரத்துல அரிசி வாங்குனா அதைத் திருட்டுன்னு நான் எப்படிச் சொல்ல? அதே நேரம், உதவிப்பணம் முழுக்க வாங்கிக்கிட்டு, அது யார் பேர்ல வருதோ அந்தத் தங்கச்சிக்கு ஒரு சவர்க்காரம் கூடத் தனியா வாங்கிக் குடுக்காத வீட்டையும் பார்த்திருக்கேன். ரெண்டையும் ஒரே தராசுல வைக்க முடியாது.

இப்ப எங்க நிலையத்துல ஒரு ஏற்பாடு. காசு எடுக்கிற அன்னைக்கு ஆளும் கூடப் போகணும். வரிசையில நின்னு, தானே கைநாட்டோ கையெழுத்தோ போட்டு, காசைத் தன் கையால வாங்கணும். அதுல ஒரு பங்கு, சின்னதா இருந்தாலும், அவர் சொல்றதுக்குத்தான் செலவு. ஒருத்தர் மாசாமாசம் சிவப்புச் சட்டையாவே வாங்குறார். வாங்கட்டும்.

ஒரு வங்கிக் கிளையில "இவங்களுக்குக் கணக்கு எதுக்கு, பெற்றோர் பேர்ல போடுங்க"ன்னாங்க. மேலாளர்கிட்ட எழுத்துல பதில் கேட்டோம். கணக்குத் திறந்து குடுத்தாங்க. வாயால சொன்னதை எழுத்துல தரச் சொல்லுங்க. இது எல்லாருக்கும் உதவும்.

2025 ஏப்ரல் 24

அவசரம். மே 6 உள்ளூராட்சித் தேர்தல். பார்வை இல்லாதவங்களும், உடல் இயலாமை உள்ளவங்களும் துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய் வாக்குப் போடலாம், 2011 இலேயே சட்டம் இருக்கு. ஆனா முன்கூட்டியே படிவம் வேணும். கிராம உத்தியோகத்தரும் அரசாங்க வைத்தியரும் அதுல உறுதிப்படுத்தணும். துணைக்கு வர்றவர் 18 வயசு தாண்டினவரா இருக்கணும், வேட்பாளராவோ கட்சி முகவராவோ இருக்கக் கூடாது. கடைசி நாள் ஓடாதீங்க. ஆஸ்பத்திரி வரிசை தெரியும்தானே.

2025 மே 7

நேத்து எங்க ஆட்கள் போட்டாங்க. காசுப்பெட்டி அக்கா தன் மருமகளைத் துணைக்குக் கூட்டிட்டுப் போகாம, மணி அடிக்கிற தங்கச்சியைக் கூட்டிட்டுப் போனாங்க. மருமகள் கேட்டதுக்கு "நீ எனக்குப் பதிலாப் போட்டுருவ, அவ நான் சொன்னதுக்குப் போடுவா"ன்னு சொன்னாங்களாம். வீட்டுல நேத்துல இருந்து பேச்சு இல்லை. சரியாகிரும்.

போன வருஷப் பொதுத் தேர்தலுக்குப் பிறகு சுகத் வசந்த டி சில்வா தேசியப் பட்டியல்ல பாராளுமன்றம் போனப்ப, பார்வை இல்லாத ஒருத்தர் அங்க போறது அதுதான் முதல் தடவைன்னு ரேடியோவுல கேட்டு அக்கா எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டுக் குடுத்தாங்க. அவர் எந்தக் கட்சிங்கிறதெல்லாம் அவங்களுக்கு முக்கியமே இல்ல.

2025 மே 26

இதை எழுதலாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ஆளை அடையாளம் தெரியாத மாதிரி எழுதுறேன்.

எங்க இடத்துல ரெண்டு பேருக்கு ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுப்போச்சு. ரெண்டு பேருக்கும் முப்பது தாண்டிருச்சு. ஒருத்தருக்குப் புத்தி வளர்ச்சி மெதுவு, மத்தவருக்குக் கை கால்தான் சிரமம். சாப்பாட்டு வேளையில பக்கத்துல உட்காருவாங்க, மீன் முள்ளு எடுத்துக் குடுப்பாங்க. கல்யாணம் கட்டணும்னு ரெண்டு பேரும் வந்து எங்ககிட்ட சொன்னாங்க. ரெண்டு வீட்டுலயும் கொந்தளிப்பு. ஒரு வீட்டுல நிலையத்துக்கே அனுப்புறதை நிறுத்திட்டாங்க.

எங்க கமிட்டியிலயே ஒரு கருத்து இல்ல. "நம்ம பேரு கெட்டுரும், பொண்ணுங்களை யாரும் அனுப்ப மாட்டாங்க"ன்னு ஒரு பக்கம். அந்தப் பயத்துல உண்மை இருக்கு. இந்த மலையில இயலாமை உள்ள பொண்ணுங்களுக்கு என்னென்ன நடந்திருக்குன்னு எனக்குத் தெரியும், பெத்தவங்க பயப்படுறது சும்மா இல்ல. ஆனா இந்தப் பொண்ணை யாரும் ஏமாத்தல. தனியாக் கூப்பிட்டு, ஒரு பொம்பளை மட்டும் கூட இருந்து, பல நாள் பேசினோம். குழந்தைன்னா என்ன, குடும்பம்னா என்ன, வேண்டாம்னு சொல்ல முடியுமா, எல்லாம். அவ சொன்ன பதில்கள் தெளிவு. என் கல்யாணத்துக்கு முன்னால என்னை யாரும் இவ்வளவு கேள்வி கேட்கல.

இலங்கை 2016 இல் ஏத்துக்கிட்ட ஐக்கிய நாடுகளோட சமவாயத்துல கல்யாணம் கட்டவும் குடும்பம் நடத்தவும் உரிமை உண்டுன்னு தெளிவா எழுதியிருக்கு. கமிட்டியில வாசிச்சுக் காட்டினேன். அந்தப் பொண்ணோட அப்பா முழுக்கக் கேட்டுட்டு, "சரிம்மா, எனக்குப் பிறகு இவங்களுக்கு யாரு சோறு போடுவா, அதை அந்தக் கடுதாசியில எழுதியிருக்கா?"ன்னார். பதில் சொல்ல முடியல. அவர் கேட்டதுதான் இந்த மலையில எல்லாப் பெத்தவங்களும் ராத்திரி கேட்குறது.

2025 மே 28

நிறையப் பேர் திட்டி எழுதியிருக்கீங்க, நிறையப் பேர் வாழ்த்தியிருக்கீங்க. ரெண்டு பக்கமும் கொஞ்சம் பொறுங்க. அந்த அப்பா நேத்து வந்தார். சம்மதம் சொல்ல வரல. எங்க தோட்டத்தைச் சுத்திப் பார்த்தார், லீக்ஸ் மாசத்துக்கு எவ்வளவு போகுதுன்னு போலியோ அண்ணன்கிட்ட கணக்குக் கேட்டார், கொப்பியை வாங்கித் தானே கூட்டிப் பார்த்தார். திங்கட்கிழமையில இருந்து மகளை மறுபடியும் அனுப்புறதாச் சொன்னார். கல்யாணப் பேச்சு அப்படியே நிக்குது. நான் அதை விடப் போறதில்ல.

2025 ஜூன் 9

கொட்டகலைத் தங்கச்சி, உங்க தனிச்செய்தி கிடைச்சுது. அண்ணன் இன்னும் வாங்கை விட்டு எழும்பலன்னு கவலைப்படுறீங்க. இப்பத்தானே வரத் தொடங்கினார். காலையில தானே செருப்பை மாட்டிக்கிட்டு நிக்கிறார்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, அதைப் பாருங்க. ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கிறேன்: சாப்பாட்டுப் பெட்டியை அவர் கையிலேயே குடுத்து விடுங்க. நீங்க ஆட்டோக்கார அண்ணன்கிட்ட குடுக்குறீங்க, அவர் எங்ககிட்ட குடுக்குறார், ஒரு கை உங்க அண்ணனுக்கு நல்லாத்தானே இருக்கு. முட்டைப் பொரியலை மணி அடிக்கிற தங்கச்சி பாதி சாப்பிடுறா, கொஞ்சம் கூட வைங்க.

மத்தவங்களுக்கு: மழை பிடிச்சிருச்சு, பின்பக்கக் கழிவறைக்குப் போற பாதையில தண்ணி தேங்குது. சக்கர நாற்காலியோட முன் சில்லு புதையுது. வடிகால் வெட்டி, பத்தடிக்குக் கல் பதிச்சுச் சீமெந்து போடணும். சாமான் இருக்கு. குழாய் வேலை, மேசன் வேலை தெரிஞ்சவங்க ஞாயிறு காலையில வாங்க. சாப்பாடு எங்க ஆட்கள் சமைக்கிறாங்க. கல் சுமக்க எங்ககிட்டயே நாலு பேர் இருக்காங்க, அந்த வேலையை அவங்களுக்கு விட்டுருங்க.